ஒரே லேப்டாப், தனித்தனி டிஸ்க்
(மதுரையில் கல்லூரி மாணவர்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று, தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. முதல் ஆண்டுக்கு மட்டும் சுமார் 9 லட்சம் லேப்டாப்புகள். 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். அந்த ஒரே டிஸ்க்கில் இரண்டு இயங்குதளங்களைப் போட்டுக் கொடுத்தார்கள். ஒன்று விண்டோஸ் 7, மற்றொன்று பாஸ் லினக்ஸ். பவர் பட்டனை அழுத்தியதும் எது வேண்டும் என்று கேட்கும் பட்டியல் திரையில் வரும். இரண்டு இயங்குதளம் உள்ள கணினியை முதல்முறையாக இத்தனை லட்சம் தமிழ்ப் பிள்ளைகள் தொட்டது அப்போதுதான்.

உங்கள் வீட்டில் அண்ணனோ அக்காவோ அந்த லேப்டாப்பை வாங்கியிருப்பார்கள். மேலூரிலோ உசிலம்பட்டியிலோ வாடிப்பட்டியிலோ ஏதோ ஒரு வீட்டின் பரணில் அது இன்னும் இருக்கும். எடுத்து உயிர் கொடுத்துப் பாருங்கள். என் கைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை நேராக விண்டோஸுக்குள் போய்விட்டன. பட்டியலும் இல்லை, பாஸும் இல்லை.

எப்படிப் போயிற்று? யாரும் வேண்டுமென்று அழிக்கவில்லை. பென் டிரைவ் வழியே வைரஸ் வரும். லேப்டாப் திணறும். சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய், "பார்மட் அடிச்சு விண்டோஸ் போட்டுக் குடுங்கண்ணே" என்பார்கள். கடைக்காரர் சொன்னதைச் செய்தார். டிஸ்க் முழுவதையும் துடைத்து விண்டோஸ் போட்டார். அதே டிஸ்க்கில் இருந்த லினக்ஸும் சேர்ந்து துடைபட்டது. கேட்டவர் லினக்ஸைக் கேட்கவில்லை, போட்டவரும் அதைப் பற்றி விசாரிக்கவில்லை.

இது எனக்கு இன்றும் வருத்தம் தருகிற செய்தி. ஏனென்றால் அந்த இரண்டாவது இயங்குதளம் சும்மா வந்துவிடவில்லை. அதற்குப் பின்னால் பல ஆண்டு உழைப்பு இருந்தது. 2005-இல் சென்னையில் சி-டாக் நிறுவனமும், குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் உள்ள ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் சேர்ந்து கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. அங்கிருந்து 2007-இல் வெளிவந்தது பாஸ். டெபியன் என்ற லினக்ஸை அடித்தளமாகக் கொண்டு, இந்திய மொழிகளில் திரையையும் தட்டச்சையும் அமைத்துத் தந்தார்கள். அதே காலத்தில், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, தமிழக அரசின் எல்காட் நிறுவனம் தன் சொந்த அலுவலகக் கணினிகளையே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது. 2014 ஏப்ரல் 8-ஆம் தேதி விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு நின்றபோது, அரசு அலுவலகங்கள் பாஸுக்கு மாறலாம் என்று தமிழக அரசே அறிவுறுத்தியது. 2018-இல் வந்த புதிய பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பாடநூலை எடுத்துப் பாருங்கள். விண்டோஸோடு உபுண்டு லினக்ஸும் பாடமாக இருக்கிறது. அலுவலகப் பயன்பாட்டுக்கு ஓபன் ஆஃபிஸ் ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் என்று வரிசையாகச் சொல்லித் தருகிறார்கள். பாடத்தில் இருக்கிறது, பரீட்சையில் இருக்கிறது. பையில் இருக்கும் லேப்டாப்பில் மட்டும் இல்லை.

ஆகவே நான் இன்று சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. ஒரு லேப்டாப்பில் இரண்டு இயங்குதளம் நிலைக்க வேண்டும் என்றால், ஒவ்வொன்றுக்கும் தனி டிஸ்க் கொடுங்கள். பாதி பாதியாகப் பிரித்துக் கொடுக்காதீர்கள்.

ஏன் என்று விளக்குகிறேன். பவர் பட்டனை அழுத்தியவுடன் முதலில் விழிப்பது விண்டோஸும் அல்ல, லினக்ஸும் அல்ல. மதர்போர்டில் இருக்கும் ஒரு சிறு நிரல். பழைய பேர் பயாஸ். இப்போதுள்ளது யூஇஎஃப்ஐ, ஆனாலும் நாம் எல்லோரும் பயாஸ் என்றே சொல்கிறோம். நானும் அப்படியே சொல்கிறேன். இந்த நிரல் தன் சின்ன நினைவகத்தில் ஒரு குறிப்பு வைத்திருக்கும்: எந்த டிஸ்க்கில், எந்தக் கோப்பை எடுத்து ஓட்ட வேண்டும் என்று. அந்தக் கோப்பு இருக்கும் இடம் டிஸ்க்கின் ஒரு தனிப் பகுதி. இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்பார்கள். விண்டோஸ் தானாக நிறுவும்போது இதற்கு ஒதுக்குவது சாதாரணமாக 100 எம்பிதான். 1 டிபி டிஸ்க்காக இருந்தாலும் அவ்வளவுதான். ஒரே டிஸ்க்கில் விண்டோஸும் லினக்ஸும் இருந்தால் இரண்டும் அந்த 100 எம்பிக்குள்தான் தங்கள் தொடக்கக் கோப்புகளை வைத்துக்கொள்ளும்.

மதுரைப் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பது எளிது. மாசி வீதிகளுக்கு உள்ளே இருந்த பழைய ஒண்டுக்குடித்தன வீடுகளை உங்கள் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். உள்ளே நான்கு குடும்பம் இருக்கும், தெருவுக்கு ஒரே தலைவாசல். உள்ளே அவரவர் அறைக்கு அவரவர் பூட்டு. ஆனால் ஒரு குடித்தனக்காரர் தலைவாசல் கதவை மாற்றிவிட்டுப் புதுப் பூட்டுப் போட்டால் மற்ற மூவரும் தெருவில் நிற்க வேண்டும். அவர்கள் அறைக்குள் பொருள் எல்லாம் பத்திரமாக இருக்கும், உள்ளே போகத்தான் வழி இருக்காது. விண்டோஸின் பெரிய அப்டேட்டுக்குப் பிறகு, "லினக்ஸ் போயிருச்சு" என்று மாணவர்கள் பதறி வருவார்கள். பெரும்பாலும் லினக்ஸ் எங்கும் போயிருக்காது. தொடக்க வரிசை மாறியிருக்கும், அல்லது தொடக்கக் கோப்பு மேலெழுதப்பட்டிருக்கும்.

தனி டிஸ்க் என்றால் தனித் தொடக்கப் பகுதி. ஒன்றை பார்மட் அடித்தாலும் மற்றது அசையாது. ஒரு டிஸ்க் செத்தாலும் மறுநாள் பரீட்சைக்கு மற்றதில் படிக்கலாம்.

இரண்டும் எதற்கு, ஒன்று போதாதா என்று பெற்றோர்கள் கேட்பது நியாயம். ஊர் நிலவரத்தைப் பாருங்கள். கணக்கு எழுதும் வேலைக்குப் போனால் டாலி தெரிந்திருக்க வேண்டும். டாலி விண்டோஸில் ஓடுவது. டெண்டர் போடும் ஒப்பந்தக்காரர்கள் டிஜிட்டல் கையெழுத்துக்குச் செருகும் யூஎஸ்பி டோக்கன்கள் பெரும்பாலும் விண்டோஸை எதிர்பார்த்தே வருகின்றன. அச்சகங்களில் இன்றும் பேஜ்மேக்கரில் பாமினி, வானவில் எழுத்துருக்களில் பக்கம் கட்டுகிறார்கள். என்எச்எம் ரைட்டர், அழகி என்று நாம் தமிழ் அடித்துப் பழகிய மென்பொருள்கள் விண்டோஸுக்காக எழுதப்பட்டவை. இதையெல்லாம் விட்டுவிட்டு வா என்று ஒரு பிள்ளையிடம் நான் சொல்ல மாட்டேன். அது அவர்கள் சோறு.

அதே பிள்ளை நெட்வொர்க்கிங் படிக்கிறது, பைத்தான் படிக்கிறது, நாளை ஒரு சர்வரைப் பராமரிக்கும் வேலைக்குப் போகிறது. அங்கே இருப்பது லினக்ஸ். உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் பட்டியலில் 2017 நவம்பரிலிருந்து ஒன்றுவிடாமல் எல்லாமே லினக்ஸ்தான். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் கருவும் லினக்ஸ்தான். நேர்காணலில் ஒரு கருப்புத் திரையைக் காட்டி, "இந்த சர்வீஸ் ஏன் நின்றது, பாருங்கள்" என்றால் வீட்டில் பழகியவருக்குத்தான் கை ஓடும். வாரத்தில் ஒரு மணி நேர லேப் பழக்கம் அதற்குப் போதாது.

விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டலாமே என்பார்கள். ஓட்டலாம். டபிள்யூஎஸ்எல் என்ற வசதி 2016 முதல் இருக்கிறது, நிரல் எழுத அது நல்லது. விர்ச்சுவல் மெஷினும் உண்டு. ஆனால் 8 ஜிபி ரேமில் விண்டோஸ் 11-ஐ ஓட்டி, அதற்குள் இன்னொரு முழு இயங்குதளத்தையும் ஓட்டினால் இரண்டும் மூச்சுத் திணறும். அதைவிட முக்கியம், பார்ட்டிஷன், பூட், டிரைவர் என்று ஒரு இயந்திரத்தின் அடிவேர் எதையும் நீங்கள் அங்கே தொட மாட்டீர்கள். தொட்டுப் பழகியவர்தான் நாளை பழுது பார்ப்பார்.

இப்போது மீண்டும் ஒரு நல்ல வேளை வந்திருக்கிறது. 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் என்று அரசு அறிவித்தது. 2026 ஜனவரியில் வழங்கவும் தொடங்கினார்கள். 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. 256 ஜிபியை இரண்டாகப் பிரித்தால் ஆளுக்கு 120 சொச்சம். விண்டோஸ் 11 தானே 64 ஜிபி இடத்தைக் குறைந்தபட்சத் தேவையாகக் கேட்கிறது. பாடக் கோப்பு, படம், நாலு மென்பொருள் சேர்ந்தால் ஆறு மாதத்தில் இரண்டு பக்கமும் நிறைந்துவிடும். இடம் போதவில்லை என்று மாணவர் எதை முதலில் நீக்குவார்? 2011-இல் வந்த லேப்டாப்புகளுக்கு நேர்ந்ததுதான் இதற்கும் நேரும்.

எனவே முதல் வேலை, உங்கள் லேப்டாப்பில் இரண்டாவது டிஸ்க்குக்கு இடம் இருக்கிறதா என்று பார்ப்பது. திருப்புளியை எடுப்பதற்கு முன் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலைத் தயாரிப்பாளரின் தளத்திலேயே இறக்கிப் படியுங்கள். எந்த இடத்தில் என்ன ஸ்லாட் என்று படத்தோடு இருக்கும். சில லேப்டாப்புகளில் எஸ்எஸ்டி அட்டை செருகும் எம்.2 ஸ்லாட் இரண்டு இருக்கும். சிலவற்றில் ஒரு எம்.2 ஸ்லாட்டும், 2.5 அங்குல டிஸ்க்குக்கான காலி இடமும் இருக்கும். எம்.2 அட்டை வாங்கும்போது நீளத்தைப் பாருங்கள்: 2230, 2242, 2280 என்பவை 30, 42, 80 மில்லிமீட்டர் நீளத்தைக் குறிப்பவை. அந்த ஸ்லாட் ஏற்பது சாட்டா வகை அட்டையையா, என்விஎம்இ வகை அட்டையையா என்பதும் முக்கியம். சாட்டா எம்.2 அட்டையில் பெரும்பாலும் இரண்டு வெட்டு இருக்கும், என்விஎம்இ அட்டையில் பெரும்பாலும் ஒரு வெட்டு. தவறான வகையைச் செருகினால் உள்ளே உட்கார்ந்துகொள்ளும், ஆனால் கணினியின் கண்ணுக்குத் தெரியாது. கடையில் மாடல் எண்ணைச் சொல்லியே வாங்குங்கள். வாரண்டி காலத்தில் மூடியைத் திறக்கலாமா என்பதையும் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பழைய லேப்டாப்பில் டிவிடி டிரைவ் இருந்தால் அதுவே இடம். அதைக் கழற்றிவிட்டு, டிஸ்க்கைப் பொருத்தும் ஒரு சட்டத்தை அங்கே செருகலாம். கடையில் 'கேடி' என்று கேட்டால் தருவார்கள். 9.5 மில்லிமீட்டர், 12.7 மில்லிமீட்டர் என்று இரண்டு தடிமன் உண்டு, அளந்து வாங்க வேண்டும். சில லேப்டாப்புகள் கேடியில் உள்ள டிஸ்க்கிலிருந்து பூட் ஆகாது. அதனால் நீங்கள் அதிகம் புழங்கும் இயங்குதளத்தை உள் இடத்திலும், மற்றதைக் கேடியிலும் வையுங்கள்.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 சிப் வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலி முதல்தான் அதிகாரபூர்வமாக ஏற்கும். எத்தனையோ நல்ல லேப்டாப்புகள் இந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கின்றன. அவற்றைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். புதிதாக ஒரு எஸ்எஸ்டி வாங்கி அதில் லினக்ஸைப் போடுங்கள். இணையம், படிப்பு எல்லாம் அதில் நடக்கட்டும். பழைய டிஸ்க்கைக் கேடிக்கு மாற்றி, அதிலுள்ள விண்டோஸை இணையம் இல்லாமல் டாலிக்கும் பக்க வடிவமைப்புக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நிறுவும் விதம். இதில் பலரும் தவற விடும் ஓர் இடம் உண்டு, அதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். இரண்டு டிஸ்க்கையும் பொருத்திவிட்டு, உபுண்டு பென் டிரைவைச் செருகி, "இரண்டாவது டிஸ்க்கில் நிறுவு" என்று சொன்னால் எல்லாம் தனித்தனியாகப் போய்விடும் என்று நினைப்போம். போகாது. உபுண்டுவின் பழைய நிறுவி, நீங்கள் எந்த டிஸ்க்கைச் சுட்டினாலும், தொடக்கக் கோப்பை மட்டும் முதல் டிஸ்க்கின் இஎஃப்ஐ பகுதியில் கொண்டுபோய் வைத்துவிடும். நெடுங்காலம் இருந்த குறை இது. புதிய நிறுவி திருந்தியிருக்கிறது, இருந்தாலும் நம்பியிருக்க வேண்டாம். விண்டோஸ் நிறுவியும் இதையே செய்யும். ஏற்கெனவே ஒரு டிஸ்க்கில் இஎஃப்ஐ பகுதி இருந்தால், புது விண்டோஸை வேறு டிஸ்க்கில் போட்டாலும் தொடக்கக் கோப்பை அந்தப் பழைய பகுதியில் வைத்துவிடும். கண்ணுக்கு இரண்டு டிஸ்க் தெரியும், வாசல் மட்டும் ஒன்றாகவே இருக்கும். பிறகு ஒரு நாள் முதல் டிஸ்க் பழுதாகும்போது இரண்டாவதும் எழுந்திருக்காது. தனி டிஸ்க் போட்டும் பயனில்லையே என்று அன்றைக்குத்தான் தெரியும்.

இதற்கு வழி எளியது. லினக்ஸை நிறுவும்போது விண்டோஸ் டிஸ்க்கைக் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள். சார்ஜரைப் பிடுங்கி, உள்ளே பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகு, ஒரு ஸ்க்ரூ, ஓர் அட்டை, அவ்வளவுதான். சில பயாஸ்களில் ஸ்லாட்டைத் தற்காலிகமாக அணைக்கும் வசதி இருக்கும், அதுவும் போதும். நிறுவிக்கு ஒரே டிஸ்க் தெரிந்தால் அது தவறு செய்ய வழியே இல்லை. "முழு டிஸ்க்கையும் அழித்து நிறுவு" என்பதை பயமின்றி அழுத்தலாம். கையால் பார்ட்டிஷன் பிரிக்கத் தெரியாத முதலாண்டு மாணவரும் செய்துவிடுவார். லினக்ஸ் எழுந்து, வைஃபை வேலை செய்கிறதா, ஒலி வருகிறதா என்று பார்த்த பிறகு விண்டோஸ் டிஸ்க்கைத் திரும்பப் பொருத்துங்கள்.

அதன் பிறகு எதைத் திறப்பது என்பதை பூட் மெனுவில் தேர்ந்துகொள்ளுங்கள். பவர் பட்டனை அழுத்தியதும் அதைத் திறக்கும் விசை, டெல், லெனோவோ, ஏசர் லேப்டாப்புகளில் பெரும்பாலும் எஃப்12. ஏசரில் இந்த விசையை பயாஸுக்குள் போய் முதலில் இயக்கிவிட வேண்டியிருக்கும். எச்பியில் எஃப்9, ஏசூஸில் எஸ்கேப். லினக்ஸின் தொடக்க நிரலான க்ரப் காட்டும் பட்டியலிலேயே விண்டோஸையும் சேர்த்துக்கொள்ள வழி உண்டு. 2021-இல் வந்த க்ரப் 2.06 முதல் மற்ற இயங்குதளங்களைத் தேடும் வேலை இயல்பாக நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, வேண்டுமென்றால் இயக்கலாம். நான் இயக்கச் சொல்ல மாட்டேன். ஒன்றன் பட்டியலில் மற்றதைக் கோத்தால் பிரித்ததன் பயன் குறைகிறது.

நிறுவியில் டிஸ்க்கே தெரியவில்லை என்றால் இன்டெல் லேப்டாப்பில் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற அமைப்பைப் பாருங்கள். அதை பயாஸில் ஏஎச்சிஐக்கு மாற்றினால் லினக்ஸுக்கு டிஸ்க் தெரியும். ஆனால் அந்த மாற்றம் விண்டோஸையும் தொடும். அப்படியே மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையோடு நிற்கக்கூடும். முதலில் விண்டோஸைச் சேஃப் மோடில் எழும்படி வைத்துவிட்டு, பயாஸில் மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் எழவிட்டு, பிறகு இயல்பு நிலைக்குத் திருப்ப வேண்டும்.

இரண்டாவது டிஸ்க்குக்கு இடமே இல்லாத மெல்லிய லேப்டாப் வைத்திருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். யூஎஸ்பி 3-இல் செருகும் வெளி எஸ்எஸ்டியில் லினக்ஸை முழுமையாக நிறுவலாம். வேகம் நன்றாகவே இருக்கும். பென் டிரைவில் மட்டும் நிறுவாதீர்கள், இடைவிடாமல் எழுதும் வேலையை அது தாங்காது.

இரண்டு டிஸ்க் போட்டுவிட்டால் எல்லாம் பிரிந்துவிடுமா? இல்லை. மதர்போர்டு ஒன்றுதான், அதன் சின்ன நினைவகமும் ஒன்றுதான், கடிகாரமும் ஒன்றுதான். 2024 ஆகஸ்ட் 13 அன்று வந்த விண்டோஸ் அப்டேட் இதை உலகுக்கே காட்டியது. பழைய ஓட்டை உள்ள லினக்ஸ் தொடக்க நிரல்களை செக்யூர் பூட் என்ற பயாஸ் பாதுகாப்பு வசதி ஏற்கக் கூடாது என்ற பட்டியலை அந்த அப்டேட் புதுப்பித்தது. இரண்டு இயங்குதளம் உள்ள கணினிகளைத் தொடாது என்று சொல்லப்பட்டிருந்தும் பல கணினிகளில் தொட்டது. பாதுகாப்பு விதி மீறல் என்ற ஒரு வரியோடு லினக்ஸ் எழ மறுத்தது. தனி டிஸ்க் வைத்திருந்தவர்களும் தப்பவில்லை, ஏனென்றால் அந்தப் பட்டியல் இருப்பது டிஸ்க்கில் அல்ல, மதர்போர்டின் நினைவகத்தில். செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய் அந்தப் பட்டியலை நீக்கி, மீண்டும் இயக்கினால் சரியாயிற்று. லினக்ஸையும் அவ்வப்போது அப்டேட் செய்து வைத்திருங்கள். மாதக்கணக்கில் திறக்காமல் கிடக்கும் பக்கம்தான் இப்படி மாட்டிக்கொள்ளும்.

செக்யூர் பூட்டைத் தொடுவதற்கு முன் இன்னொன்று. இதை இங்கே உள்ள பெற்றோர்களும் கவனிக்க வேண்டும். புதிய விண்டோஸ் 11 லேப்டாப்புகளில் டிஸ்க் பெரும்பாலும் தானாகவே பூட்டப்பட்டு வருகிறது. பிட்லாக்கர் என்பார்கள். பயாஸ் அமைப்பை மாற்றினால் விண்டோஸ் சந்தேகப்பட்டு 48 இலக்கத் திறவெண்ணைக் கேட்கும். அந்த எண், லேப்டாப்பை முதன்முதலில் இயக்கியபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அந்தக் கணக்கு யாருடையது? நம் ஊரில் லேப்டாப் வாங்கும்போது, "எல்லாம் போட்டுக் குடுத்துருங்கண்ணே" என்று கடையிலேயே விட்டுவிடுகிறோம். அவர் அவசரத்துக்கு ஏதோ ஒரு மெயில் முகவரியில் கணக்கைத் திறந்துவிடுகிறார். திறவெண் அங்கே போய்விடுகிறது. பிறகு மூன்று ஆண்டுப் படிப்பும் ப்ராஜெக்ட்டும் அந்த டிஸ்க்குக்குள் பூட்டிக் கிடக்கும். திறக்க யாராலும் முடியாது. ஆகவே லேப்டாப்பைப் பிள்ளையின் சொந்தக் கணக்கில் இயக்குங்கள். திறவெண்ணை எழுதிப் பத்திரங்களோடு பீரோவில் வையுங்கள். அதை எடுத்து வைத்த பிறகே பயாஸுக்குள் போங்கள்.

விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை பவர் ஆப்ஷன்ஸில் அணைத்துவிடுங்கள். அது இயக்கத்தில் இருந்தால், ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் பாதி உறக்கத்தில்தான் இருக்கும். அந்த நிலையில் அதன் டிஸ்க்கை லினக்ஸிலிருந்து திறந்தால் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. எழுத விட்டால் கோப்புகள் கெடும்.

கடிகாரத்தைப் பற்றி ஒரு சொல். மதர்போர்டுக் கடிகாரம் காட்டுவது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. லினக்ஸ் அதை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்கிறது. நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். லினக்ஸில் வேலை செய்துவிட்டு விண்டோஸுக்கு வந்தால், காலை 10 மணிக்கு 4.30 என்று காட்டும். சின்னத் தொல்லைதானே என்று விடாதீர்கள். நேரத்தை வைத்து ஆறு இலக்க எண் உருவாக்கும் உள்நுழைவுகள் அந்த லேப்டாப்பில் பொய்த்துப்போகும். லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்ற ஒரே கட்டளை போதும். கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளும் நாடுகளில் அதனால் குழப்பம் வரும். நம் நாட்டில் அந்த வழக்கம் இல்லாததால் நமக்குத் தீங்கில்லை.

தமிழ்த் தட்டச்சு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் ஏற்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலும் உண்டு, லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாகவும் உண்டு. யூனிகோடில் அடித்த கோப்பு இரண்டிலும் அப்படியே திறக்கும். பாமினியில் அடித்த பழைய கோப்பு லினக்ஸில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். அந்த எழுத்துருவையும் எடுத்துக்கொண்டு போங்கள், அல்லது யூனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் பழக ஆசிரியர் இல்லை என்று கவலைப்பட வேண்டாம். மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் தமிழ் ஒலியோடு பாடங்கள் இருக்கின்றன. தமிழில் கட்டற்ற மென்பொருள் பற்றி 2012 முதல் கணியம் மின்னிதழ் எழுதிவருகிறது.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது லேப்டாப்பின் அடியில் ஒரு காகிதம் ஒட்டுங்கள்: "உள்ளே இரண்டு டிஸ்க். இரண்டாவதில் லினக்ஸ். கேட்காமல் பார்மட் செய்யாதீர்." விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் லினக்ஸ் பகுதி பெயரில்லாத இடமாகத் தெரியும். காலி இடம் என்று நினைத்து நல்ல மனதோடு அதையும் சேர்த்துவிடுவார்கள். இன்னும் பத்திரம் வேண்டுமென்றால் லினக்ஸ் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டே கடைக்குப் போங்கள். தனி டிஸ்க்காக இருப்பதால் அதற்கும் வழி இருக்கிறது.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். முதல் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு இரண்டாவது தானாக எழுகிறதா என்று பாருங்கள். பிறகு மாற்றிப் பாருங்கள். இரண்டும் தனியே எழுந்தால் வேலை சரி. எழவில்லை என்றால் வாசல் இன்னும் ஒன்றாகவே இருக்கிறது, மறுபடி நிறுவ வேண்டும். முக்கியமான கோப்பு எதுவும் சேராத முதல் நாளிலேயே இதைச் செய்துவிடுங்கள்.

உபுண்டுவின் நிறுவல் கோப்பு ஏறக்குறைய 6 ஜிபி. நாளுக்கு ஒன்றரை, இரண்டு ஜிபி என்று ரீசார்ஜ் செய்திருக்கும் பிள்ளைகளுக்கு அதை இறக்க மூன்று நான்கு நாள் ஆகும், நடுவில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியும் வரலாம். அதனால் உபுண்டு, லினக்ஸ் மின்ட், டெபியன் மூன்றையும் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் 8 ஜிபிக்குக் குறையாத பென் டிரைவோடு மேடைக்கு அருகில் வாருங்கள், நகல் எடுத்துக்கொள்ளலாம். லேப்டாப்பைக் கையோடு கொண்டுவந்தவர்கள் மாடல் எண்ணைக் காட்டுங்கள், இரண்டாவது ஸ்லாட் இருக்கிறதா என்று இங்கேயே மேனுவலில் பார்த்துச் சொல்கிறேன். மேலூர், கொட்டாம்பட்டி, உசிலம்பட்டி பஸ் பிடிக்க வேண்டியவர்கள் முதலில் வரட்டும்.